சௌக்கத் அலி அவர்களின் பதிவேட்டில் நிற்கும் பொய்வரி

உலைமுன் நின்றும் உள்ளம் வாடாத உத்தமரே! வார்ப்பின் வாய்மை காத்த வல்லவரே! தண்டையார்ப்பேட்டை தந்த தகைமையாளரே! நல்ல இரும்பு எது, நாசமான இரும்பு எது என்று இருபத்தொன்பது ஆண்டுகள் நடுநிலை தவறாமல் சொன்ன சௌக்கத் அலி அவர்களே! வணக்கம்.

சிறப்பு விருந்தினர் வந்த பிறகே தங்களுக்கான பிரிவுபசார மடலை வாசிக்க வேண்டும் என்று அலுவலகம் சொல்லி அனுப்பியது. நான்கு மணி அடித்ததும் வாசிப்போம், வாசலைப் பார்க்க மாட்டோம் என்று நாங்கள் முடிவு செய்தோம். ஒரு விருந்தினருக்காகக் காத்திருந்து தாங்கள் பட்ட பாடு போதும்.

அலுவலகமும் ஒரு மடல் அச்சடித்திருக்கிறது. தங்க எழுத்து, ஓரமெல்லாம் ரோஜாப்பூ. அதில், "மேலதிகாரி சொல்லைத் தட்டாத ஊழியர்" என்று ஒரு வரி! ஐயா, இது பாராட்டா, பரிகாசமா? தட்டியதுதானே தங்கள் பெருமை! அந்த வரியைப் படித்த வேகத்தில் பிறந்ததுதான் இந்த இரண்டாவது மடல். அன்று இங்கே இல்லாதவர்கள் இந்தக் கூடத்தில் பலர். அவர்களும் அறியும்படி, நடந்ததைக் கதையாகவே சொல்கிறோம்.

1951, ஆடி மாதம். நம் வார்ப்பாலையில் துறைமுகத்துப் பாரந்தூக்கிக்கு ஆள் உயரப் பல்சக்கரம் ஒன்று வார்க்க வேண்டும். காலை பத்து மணிக்கு உருகிய இரும்பு, லேடில் என்னும் பெரிய வார்ப்புக் கொப்பரையில் இறங்கியது. சௌக்கத் அலி தம் கையால் சிலிக்கான் தூளைத் தூவினார். இரும்பு இறுகும்போது வெளுத்து, எளிதில் நொறுங்குவதாகிவிடாமல் காப்பது அந்தத் தூள்தான். பிறகு சிறு கரண்டியில் கொஞ்சம் மொண்டு, மணலில் ஆப்பு வடிவக் குழியில் ஊற்றினார். ஆப்பு இறுகியதும் தண்ணீரில் போட்டு, ஒரே அடியில் உடைத்தார். உள்ளே சாம்பல் நிறம். கூர்முனையில் மட்டும் நகக்கண் அளவு வெள்ளை.

"பேஷ்! ஊத்து நைனா" என்றார்.

"ஊத்தக் கூடாது" என்றார் மேலாளர். "விருந்தாளி வந்துகொண்டிருக்கிறார். அவர் கை வைத்துத்தான் ஊற்ற வேண்டும். போட்டோக்காரரும் வந்தாயிற்று."

லேடில் நின்றது. மேலே கரித்தூளைப் போர்த்தினார்கள். ஐந்து நிமிடம் போயிற்று, பத்து நிமிடம் போயிற்று. தூவிய தூளின் பலம் நிமிடத்துக்கு நிமிடம் குறையும் என்பது சௌக்கத் அலிக்குத் தெரியும். அவர் லேடிலையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா பாய், நிக்காஹ் மாப்பிள்ளைய எதிர்பாத்துகினு நிக்கிற மாரி கீது?" என்று லேடில் பிடித்த இக்னேஷியஸ் சீண்டினான்.

"மாப்பிள்ள லேட்டா வந்தா பிரியாணிதாண்டா ஆறும். இது ஆறுனா சக்கரமே பூடும்."

இருபத்து மூன்றாவது நிமிடம் மோட்டார் வண்டி வந்தது. மாலை போட்டார்கள், சோடா கொடுத்தார்கள். அதற்குள் சௌக்கத் அலி யாரையும் கேட்காமல் இரண்டாவது ஆப்பு ஊற்றி உடைத்துவிட்டார். பாதிக்கு மேல் வெள்ளை! கண்ணாடிச் சில்லுபோல் பளபளத்தது. மறுபடி தூள் போட இரும்பில் சூடும் மிச்சமில்லை.

"ஊற்று" என்றார் மேலாளர்.

"வாணாம் சார். வெள்ளையா உடையுது. சக்கரத்துல பல்லு தெறிக்கும்."

"பத்து மணிக்கு நீதானே நல்லா இருக்கு என்றாய்?"

"பத்து மணிக்கு இருந்திச்சி சார். இப்ப மணி இன்னா?"

மேலாளரின் முகம் சிவந்தது. "சொன்னதைச் செய்!"

சௌக்கத் அலியின் மனத்தில் அந்த நொடி ஓடியது தண்டையார்ப்பேட்டை. பாரந்தூக்கிக்கு அடியில் மூட்டை சுமப்பவர்களில் பாதிப்பேர் அவர் தெருக்காரர்கள். மேலே பல் தெறித்தால் கீழே யார் தலை? லேடிலைச் சாய்க்கும் திருகுசக்கரத்தைப் பிடித்தார். அச்சில் அல்ல, பக்கத்து மணல் பள்ளத்தில் அத்தனை இரும்பையும் கவிழ்த்தார்.

விருந்தினர் மாலையோடு எட்டிப் பார்த்தார். "இதுதான் அந்தச் சக்கரமா?"

"இல்ல சார்" என்றான் இக்னேஷியஸ். "இது மண்ணு."

மூன்றாம் நாள் விருந்தினரும் இல்லை, சோடாவும் இல்லை. சௌக்கத் அலி ஆப்பு உடைத்துப் பார்த்ததும், உடனே ஊற்றினார்கள். அந்தச் சக்கரம் இன்றும் துறைமுகத்தில் சுற்றுகிறது. அது அச்சிலிருந்து வெளிவந்த மறுநாளே அவரை மணல் சலிக்க அனுப்பினார்கள். ஆறு மாதம்! பணிப்பதிவேட்டில் எழுதினார்கள்: "காலதாமதம் செய்து வார்ப்பைக் கெடுத்தவர். மேலதிகாரியை மதியாதவர்."

காலதாமதம் செய்தது யார் ஐயா? கேட்கிறோம், யார்? காரில் வந்தவருக்கு மாலை. காத்து நின்றவருக்குக் கரும்புள்ளி! அந்த ஒரு வரியால் ஃபோர்மேன் பதவி இரண்டு முறை அவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போயிற்று.

சென்ற வாரம், விடைபெறும் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்க அவர் வீட்டுக்குப் போனோம்.

"மாலை, கடிகாரம் ஒன்னியும் வாணாம்பா. அந்த வரிய அடிக்கச் சொல்லு. அந்தப் பேரோட வூட்ல வந்து குந்த முடியாது" என்றார்.

அவர் மனைவி ஷரீஃபுன்னிசா அம்மாள் உள்ளிருந்து சொன்னார்: "ஆறு மாசம் மண்ண சலிச்சுட்டு வந்தாரு தம்பி. சோறு துன்னும்போதுகூட கைய தட்டிகினே இருப்பாரு, மண்ணு கீற மாரி."

எங்கள் அன்பிற்குரியவரே! தங்கள் விருப்பப்படியே மாலை வாங்கவில்லை. அன்று வெள்ளையாய் உடைந்த ஆப்பின் ஒரு பாதியை மேலாளர் குப்பையில் வீசினார். மறு பாதியை லேடில் கோஷ்டியில் இருந்த தங்கப்பாண்டி எடுத்து ஆறு வருடம் தன் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தான். இந்த மடலை எழுதியவனும் அவனே. எழுதும்போது வேலை போய்விடுமோ என்று பயந்ததாகச் சொல்கிறான். போனால் எல்லோருக்கும் போகட்டும் என்றுதான் அனைவரும் கையெழுத்திட்டோம். அந்தத் துண்டை இந்த மடலின் சட்டத்துக்குள் கண்ணாடிக்கு அடியில் பதித்திருக்கிறோம். துரு கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனாலும் வெள்ளை தெரிகிறது.

மேடையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே! துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். பதிவேட்டைக் குமாஸ்தா லூயிஸ் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருக்கிறார். பேனாவில் மை இருக்கிறது. ஐந்து மணிச் சங்கு ஊதும்வரை சௌக்கத் அலி அவர்கள் இந்த ஆலையின் ஊழியர். அதற்குள் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

பெருமைக்குரிய பெரியவரே! நோயற்ற உடலும் நிறைந்த ஆயுளும் தங்களுக்கும் அம்மாளுக்கும் வாய்க்கட்டும். இனி எந்த வாசலையும் பார்த்துத் தாங்கள் காத்து நிற்க வேண்டாம். இங்கே, இந்தக் கூடத்தில், நாங்கள் நிற்கிறோம். பேனா எடுக்கப்படும்வரை ஒருவரும் உட்காரப் போவதில்லை.

தங்கள் தோழர்கள்,
உலை, லேடில், மணல் பகுதித் தொழிலாளர்கள் நூற்றுப் பதினான்கு பேர்
திருவொற்றியூர், 1957