செவ்வாய்க்கிழமை நம்பர்

பிளேன்டீக்கு நன்றி, டொக்டர். சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. இந்த விசாரணைக்கு வாயால் சொல்ல வேண்டாம், எழுதித் தாருங்கள் என்றீர்கள். எனக்கும் அதுதான் வசதி. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்களின் நம்பர்களை எழுதியே பழகியவன் நான். கதைக்கச் சொன்னால் தடுமாறிவிடுவேன்.

என் பெயர் நளீம். கல்முனையில் சொந்தமாக ஒரு சின்ன லேப் வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு இரத்தம் எடுப்பதில் என்னைவிடக் கை நல்லவன் இந்தக் கரையில் இல்லை என்று சொல்வார்கள். நானே எழுதினால் பெருமையாகத் தெரியும். ஆனால் சம்மாந்துறையிலிருந்தும் காரைதீவிலிருந்தும் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருகிறார்கள். நரம்பே தெரியாத கொழுத்த கையாக இருந்தாலும் எனக்கு ஒரு குத்துப் போதும். இரண்டாவது குத்துக் குத்தியதாக எனக்கு ஞாபகமில்லை.

அம்ஹா என் தங்கை நதீராவின் மகள். ஏழு வயது. அவளுடைய வாப்பா முர்ஷித் கட்டாரில் சாரதியாக இருக்கிறார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் முடிப்போம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. நதீராவின் வீடு, நான் சவூதியில் ஒன்பது வருடம் லேப்பில் நின்று கட்டியது. ஜன்னல் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதைக்கூட நான்தான் சொன்னேன். அதன் பிறகும் அந்த வீட்டில் எதைச் செய்வதென்றாலும் "காக்காட்டக் கேப்பம்" என்று அண்ணனாகிய என்னைத்தான் தேடுவார்கள். எனக்கும் என் மனைவி ஸம்ஸியாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அனுதாபத்துக்காக இதை எழுதவில்லை. நீங்கள் எப்படியும் கேட்பீர்கள்.

அம்ஹாவுக்கு ஐந்து வயதில் இரத்தப் புற்றுநோய் என்று கொழும்பில் சொன்னார்கள். எட்டு மாதம் தாயும் மகளும் அங்கே வார்டில் கிடந்தார்கள். அல்லாஹ்வின் கிருபை, நோய் அடங்கியது. இனி இரண்டு வருடம் வீட்டில் இருந்துகொண்டே மருந்துக் குளிசை எடுக்க வேண்டும் என்று அனுப்பினார்கள். நோய் போய்விட்டதுதானே, பிறகு எதற்குக் குளிசை என்று நதீரா கேட்டாள். ஒளிந்திருக்கிற ஒன்றிரண்டு அணுக்களையும் அழிப்பதற்கு என்று அங்கிருந்த டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். நல்ல மனிசன். என்னையும் தன் தொழிலைச் சேர்ந்தவனாக மதித்துக் கதைத்தார்.

அவர் சொன்னது இதுதான். குளிசை வேலை செய்தால் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அளவுக்கு மேல் குறைந்தால் சின்னக் காய்ச்சல்கூடப் பிள்ளையைக் கொண்டுபோய்விடும், அப்போது குளிசையை நிறுத்த வேண்டும். அணுக்கள் கூடினால் குளிசையையும் கூட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதற்காகக் கிழமைக்கு ஒருமுறை இரத்தம் பார்க்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை ஒரு பிள்ளையை எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே செவ்வாய்க்கிழமை காலையில் நான் இரத்தம் எடுப்பேன், பாதுகாப்புக்குத் தேவையான அணுவின் எண்ணிக்கையைக் கிளினிக் தாதிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், அந்தக் கிழமைக்கு எத்தனை குளிசை என்று தாதி பதில் போடுவா. பதில் சிங்களத்தில் வரும். நதீராவுக்குச் சிங்களத்தில் நாலு சொல் தெரியும், அதில் இரண்டு பஸ்ஸுக்கானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு நேரே போவோம். அங்கேயும் மொழிபெயர்ப்பு நான்தான்.

ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை, டொக்டர். தாதிமீதோ அந்த டொக்டர்மீதோ ஒரு சொல்லும் வரக்கூடாது. நடுவில் நான் இருந்தேன், அவ்வளவுதான்.

நோய் வருவதற்கு முன்னர் என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே அம்ஹா கேட்டுக்கு ஓடி வருவாள். செவ்வாய்க்கிழமைகள் தொடங்கிய பிறகு அந்தச் சத்தத்துக்கே அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். "உம்மா, ஊசி மாமா வாறார்" என்பாள். நான் கட்டிய வீடு, நான் வாங்கிய அலுமாரி. எனக்கு அது மிகவும் வலித்தது. ஊசியைவிடக் குளிசை அவளுக்குக் கொடுமை. வாய் முழுதும் புண். பிளேன்டீயை ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தாலும் எரியும். "உம்மா, இண்டைக்கு வேணா. நாளைக்கு ரெண்டு தின்னுறன், இண்டைக்கு மட்டும் வேணா" என்று கெஞ்சுவாள். தின்ற பத்தாவது நிமிடம் சத்தி எடுப்பாள். நதீரா அழுதுகொண்டே இன்னொன்றைக் கொடுப்பாள். நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். செய்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்படி இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை உண்மையாகவே விழுந்தது. நானூறு. குளிசையை ஒரு கிழமைக்கு நிறுத்துங்கள் என்று பதில் வந்தது. நானூறு என்று சொன்னால் நதீரா பயந்து சோறு தின்னமாட்டாள். ஆகவே, "நம்பர் நல்லம் தங்கச்சி. உடம்பு தேறியிரிக்கி. ஒரு கிழமைக்கு ஓய்வு குடுக்கச் செல்றாங்க" என்றேன். பிள்ளையை வெளியே கொண்டுபோக வேண்டாம் என்பதை மட்டும் சேர்த்துச் சொன்னேன். அதுதான் என் முதல் பொய். அந்தப் பொய்யை எந்தத் தாய்க்கும் யாரும் சொல்லியிருப்பார்கள் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

அலுமாரிக்குப் பின்னாலிருந்து அம்ஹா தலையை நீட்டினாள்.

"குளிசை வேணாவா மாமா?"

"வேணா மகள்."

"நம்பர் நல்லமெண்டா வேணாவா?"

"ஓம்."

அவள் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு வருடத்துக்கு மேலாயிற்று அவள் என்னைத் தொட்டு. அந்தக் கிழமை வாய்ப் புண் ஆறியது. கீரி மீன் ஆணத்தில் சோற்றைக் குழைத்து இரண்டு தட்டுத் தின்றாள் என்று நதீரா போன் எடுத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஸம்ஸியா என்னைப் பார்த்து, "என்ன, உங்களுக்குப் பெருநாளா?" என்று கேட்டாள்.

அடுத்த செவ்வாய் எண்ணிக்கை ஆயிரத்து அறுநூறுக்கு ஏறியிருந்தது. உள்ளபடி அனுப்பினால் அன்றைக்கே குளிசை தொடங்கும். நம்பரைப் போனில் அடித்தேன். பிறகு முன்னால் இருந்த ஒன்றை மட்டும் எடுத்தேன். மற்ற மூன்று எழுத்தும் உண்மை. அறுநூறு என்று போயிற்று. இன்னும் ஒரு கிழமை நிறுத்தச் சொல்லிப் பதில் வந்தது.

இப்படி எத்தனை தடவை என்று கேட்டீர்கள். அந்த நாளிலிருந்து இருபத்தெட்டுச் செவ்வாய்க்கிழமைகள். அதில் பத்தொன்பதில் நான் கை வைத்தேன். கிளினிக் நாள் நெருங்கினால் கை வைக்கமாட்டேன். குளிசை தொடங்கும், இரண்டு கிழமை தின்பாள். கொழும்பில் அவர்களே எடுத்த இரத்தமும் சரியாக இருக்கும். ஊருக்கு வந்ததும் மறுபடி அறுநூறு, ஐந்நூறு. சில பிள்ளைகளின் உடம்பு இந்த மருந்தைக் கொஞ்சமும் தாங்காது என்று அந்த டொக்டர் சொன்னார், அளவைப் பாதியாகக் குறைத்தார். நான் தலையாட்டினேன். நதீராவுக்கு, "புள்ள நல்லாத் தேறிட்டாளாம், பாதி போதுமாம்" என்று மொழிபெயர்த்தேன். அவள் அந்த டொக்டரைப் பார்த்துக் கை கூப்பினாள். எங்கள் ஆட்கள் அப்படிச் செய்வதில்லை, சிங்கள டொக்டர் என்பதால் செய்தாள்.

ஒரேயொரு தடவை அவள் கேட்டாள். "காக்கா, குளிசை இல்லாம இரிக்கிறது பறவாயில்லயா? ரெண்டு வருசம் கட்டாயம் எண்டாங்களே."

"நம்பரப் பாத்துத்தானே குளிசை? நம்பர் நல்லாரிக்கி. உனக்கு என்னில நம்பிக்கை இல்லயா?"

"அல்லாஹ்வே, அப்பிடிச் செல்லல்ல காக்கா" என்று பதறினாள். அன்று பின்னேரம் எனக்குப் பிடிக்கும் என்று வட்டிலப்பம் அனுப்பியிருந்தாள். நான் தின்றேன்.

பிள்ளையை நான் ஆபத்தில் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். குளிசை இல்லாததால் அவளுடைய உண்மையான நம்பர் நன்றாகவே இருந்தது. தொற்று ஒன்றும் அணுகவில்லை. முடி தோளுக்கு வளர்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை காலையில் கேட்டில் நின்றுகொண்டு சட்டைக் கையை அவளே சுருட்டிவிட்டு, "நம்பர் மாமா வந்துட்டார்" என்று கத்துவாள். ஊசி குத்தும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். என் வாழ்நாளில் இருந்த நல்ல நாட்கள் அந்தச் செவ்வாய்க்கிழமைகள்தான்.

இனிச் சொல்லப்போவதைத்தான் நீங்கள் கேட்கக் காத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கடற்கரைப் பள்ளிவாசலின் வருடாந்தக் கொடியேற்றத்துக்கு ஆறு நாள் இருந்தது. அன்றைய இரத்தத்துக்கு மெசின் ஒரு எச்சரிக்கை காட்டியது. கண்ணாடித் துண்டில் ஒரு துளியைத் தேய்த்து, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். இருக்கக்கூடாத அணுக்கள் இருந்தன. பெரிதாக, வட்டமாக, உள்ளே முழுதும் ஒரே நீலம். நூறில் ஏழு. மூன்று தடவை எண்ணினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நாலாம் தடவையும் எண்ணினேன். ஏழுதான். அது என்னவென்று எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது பொய். எனக்குத் தெரியும். நோய் திரும்பி வந்துவிட்டது, குளிசை இல்லாத அந்த மாதங்களில் வந்துவிட்டது.

கொடியேற்றத்தின் நாலாம் நாள் கொழும்புக் கிளினிக். பிள்ளை தேறினால் கொடியேற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பள்ளியில் சோறு கொடுப்பதாக நதீரா நிய்யத்து வைத்திருந்தாள். அம்ஹாவுக்குப் பச்சைச் சட்டை தைத்தாயிற்று. இராட்டினத்தில் ஏற வேண்டும், மஸ்கட் இனிப்பு வாங்க வேண்டும், இரண்டுக்கும் மாமாதான் கூட்டிப்போக வேண்டும் என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கண்டதை வாயைத் திறந்து சொன்னால் அவ்வளவும் நின்றுவிடும். மறுபடி வார்டு, மறுபடி மொட்டை, மறுபடி ஊசி மாமா.

தாதிக்கு எழுநூறு என்று அனுப்பினேன். பிள்ளைக்குச் சளி, கிளினிக் நாளை இரண்டு கிழமை பிந்திப் போடலாமா என்று கேட்டேன். போடலாம் என்று தாதி பதில் போட்டா. நதீரா வாசலில் நின்று, "என்ன காக்கா?" என்றாள். "நல்லம்" என்றேன்.

கொடியேற்றத்தன்று அம்ஹாவைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரையில் நின்றேன். கொடி ஏறும்போது சனம் ஸலவாத்துச் சொன்னது. அவள் என் தலையைப் பிடித்துக்கொண்டு, தான்தான் எல்லாரையும்விட உயரம் என்றாள். அழுதுவிட்டேன். கடற்காற்றில் கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்று சொன்னேன். இராட்டினத்தில் மூன்று தடவை ஏறினாள்.

அடுத்த செவ்வாய் நூறில் பத்தொன்பது. அதற்கடுத்த செவ்வாய் நான் எண்ணவில்லை. பிந்திப்போட்ட கிளினிக் நாளும் வந்தது, சளி இன்னும் விடவில்லை என்று சொல்லி அதையும் தள்ளினேன். இன்று சொல்வோம் என்று ஒவ்வொரு செவ்வாயும் போனேன். கேட்டில் அவள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நிற்பாள். நான் ஊசியை எடுப்பேன். ஐந்து கிழமை போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையைக் குளிப்பாட்டும்போது காலெல்லாம் ஊதாப் புள்ளிகள் இருப்பதை நதீரா கண்டாள். எனக்குப் போன் எடுத்தாள். "காக்கா, இதென்ன காக்கா?" என் மௌனத்தைத்தான் அவள் விளங்கிக்கொண்டாள் போலும். அந்த வீட்டில் முதல் தடவையாக என்னைக் கேட்காமல் ஒரு காரியம் நடந்தது. அவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மெசினில் எல்லா நம்பரும் அப்படியே இருக்கின்றன, ஏன் அழிக்கவில்லை என்று நீங்கள் ஆச்சரியப்பட்டீர்கள். கண்ணாடித் துண்டுகளையும் திகதி எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நான் ஒருநாளும் ஒரு பரிசோதனை முடிவை அழித்தவன் இல்லை, டொக்டர். அது தொழில் முறையில்லை.

இப்போது அம்ஹா கொழும்பில் இருக்கிறாள். இந்தத் தடவை மருந்து பிடிப்பது கஷ்டம் என்று சொல்கிறார்கள். நதீரா என் போனை எடுப்பதில்லை. முர்ஷித் விமானம் பிடித்து வந்து என் வாசலில் ஒரு மணித்தியாலம் நின்றார், பிறகு போனார். அவர் அடித்திருக்கலாம். நான் தடுத்திருக்கமாட்டேன்.

போன கிழமை, தாய் தொழுதுகொண்டிருக்கும்போது, அம்ஹா அவளுடைய போனிலிருந்து எனக்கு எடுத்தாள். குரல் சின்னதாகிவிட்டது.

"மாமா, இஞ்ச நம்பர் கூடாதாம். உம்மா அழுறா. இவங்களுக்கு எடுக்கத் தெரியா, நாலு தரம் குத்துறாங்க. நீங்க வந்து எடுங்க மாமா. நீங்க எடுத்தா நல்ல நம்பர் வரும்தானே?"

"ஓம் மகள்" என்றேன்.

நான் செய்தவை இவ்வளவும்தான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கீழே கையெழுத்து வைக்கிறேன். ஒரேயொரு வேண்டுகோள் இருக்கிறது. என்னைக் கொண்டுபோகிற இடத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்னர் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் கொழும்புக்குப் போய்வர அனுமதி தாருங்கள். ஒரு குத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவேன். நம்பர் என்னவாகவும் இருக்கட்டும், அதை அவளுக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.