இடதுபக்கத்து பெல்ட்

மார்கழி மாதம். விடிகாலை நாலே முக்கால். கிருஷ்ணன்கோவிலிலிருந்து வத்திராயிருப்புக்குப் போகிற சாலை... அந்த நேரத்தில் அதில் ஒரு மாட்டுவண்டிகூட வராது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. நடுவில் பனி.

இது எண்பத்தெட்டில் நடந்தது. என் மச்சினனுடைய தாய்மாமனுக்கு. பெயர் சின்னக்கருப்பன். அவர் தன் வாயால் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மறுபடி கேட்டால் எழுந்து போய்விடுவார்.

ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளியின் கார் ஷெட்டில் அவருக்கு வேலை. முதலாளிக்கு ரேஸ் பைத்தியம். ஒற்றை ஆள் உட்காருகிற ரேஸ் கார் ஒன்று வைத்திருந்தார். ஓட்டுகிறவனைச் சீட்டோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டுகளைப் பொருத்துவதும், பந்தயத்துக்கு முன்னால் ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்ப்பதும் சின்னக்கருப்பன் பொறுப்பு. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலிடுக்கில் ஒன்று. ஐந்தும் வயிற்றின் மேல் ஒரே பூட்டில் வந்து விழும்.

ஓட்டிக்கொண்டிருந்தவன் பால்பாண்டி. சுந்தரபாண்டியத்துக்காரன். அதற்கு முந்தின வருடம், சென்னைப் பக்கம் நடந்த பந்தயத்தில், வண்டி மணல்மூட்டை அடுக்கில் போய் முட்டியது. வண்டிக்குப் பெரிய சேதமில்லை. பால்பாண்டி மட்டும் பெல்ட்டைப் பிய்த்துக்கொண்டு முன்னால் போனான். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி இருந்தான். விடிவதற்குள் உயிர் போய்விட்டது. அவ்வளவுதான்.

தையல் விட்டுவிட்டது என்றார்கள். தையல் போட்டது சின்னக்கருப்பன்.

அவர் போட்டது நைலான் நூல். இழுத்தால் விரலை அறுக்கும். சீட்டுக்குப் பின்னால் பிய்ந்து தொங்கிய பெல்ட்டில் இருந்ததோ சட்டை தைக்கிற பருத்தி நூல். யாரோ பிரித்து மறுபடி தைத்திருந்தார்கள். பந்தயத்துக்கு முந்தின நாள், சின்னக்கருப்பன் தடவிப் பார்த்து முடித்த பிறகு, ஷெட் சாவி ஞானதுரையிடம் இருந்தது. அவன் இரண்டாவது டிரைவர். பால்பாண்டி இருக்கிறவரை அவனுக்கு அந்தச் சீட் கிடையாது.

சின்னக்கருப்பன் நேரிலேயே கேட்டார். ஞானதுரை சிரித்தான்.

"தச்சது நீ. வாயத் தொறந்தா உள்ள போறதும் நீதாம்லே."

அவர் வாயைத் திறக்கவில்லை. பால்பாண்டியின் தாய் ஆவுடையம்மாள் ஷெட் வாசலில் வந்து நின்றாள். "எம்புள்ளைய நீதானய்யா கட்டி அனுப்புன? நல்லா இறுக்கிக் கட்டுனியா?" அதற்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடம்... தின்ற சோறு உடம்பில் ஒட்டவில்லை.

வண்டியைச் சரிசெய்தார்கள். முதலாளி புது பெல்ட் வரவழைத்தார். இனி ஓட்டப்போவது ஞானதுரை. அந்த மார்கழி விடிகாலையில் சோதனை ஓட்டம். லாரியிலிருந்து காரை இறக்கினார்கள். ஞானதுரை சீட்டில் சாய்ந்தான். முதலாளியும் லாரி டிரைவரும் தள்ளி நின்று பீடி பற்றவைத்தார்கள்.

சின்னக்கருப்பன் வலப்பக்கம் குனிந்து ஐந்தையும் பூட்டினார். டக்... டக்... வலது தோள் பெல்ட்டின் நுனியைப் பிடித்தார். அப்போது ஒரு வாடை. ஆஸ்பத்திரி ஸ்பிரிட்... அதற்கு உள்ளே பச்சை ரத்தம்.

"போதும்லே, மூச்சு முட்டுது," என்றான் ஞானதுரை.

"நான் இன்னும் இழுக்கவே இல்லண்ணே."

இரண்டு பேரும் இடப்பக்கம் பார்த்தார்கள். இடது பெல்ட் இழுபட்டுக்கொண்டிருந்தது. சர்ர்... சர்ர்... ஒரு ஆள் காலை ஊன்றி, தம் கட்டி, விட்டு விட்டு இழுப்பதுபோல. அந்தப் பக்கம் ஆள் இல்லை. பனிதான் இருந்தது.

"அவுத்து விடு! ஏலே, அவுத்து விடு!"

பூட்டைத் திருகினார். அசையவில்லை. பெல்ட் அறுக்கிற வளைந்த கத்தி எப்போதும் இடுப்பில் இருக்கும். உருவினார். முதலாளி ஓடி வந்தார். "ஒரேய், அறுடா! பாத்துக்கிட்டு நிக்கியே!"

சின்னக்கருப்பனின் காதோரம் ஒரு மூச்சு பட்டது. சில்லென்று. "கேளு," என்றது. பால்பாண்டியின் குரல்.

அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது ஒரு வருடத்துக் கோபம். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே, அவசரப்படாமல் கேட்டார்.

"தையலப் பிரிச்சது யாருண்ணே?"

"ஏலே... கொல்லாதலே..."

சர்ர்.

"யாரு?"

"நான்தான்... நான்தாம்லே பிரிச்சேன்... பருத்தி நூலப் போட்டேன்... அறு, அறு!"

முதலாளியின் கால் அங்கேயே நின்றுவிட்டது.

பொறுமையாக அறுத்தார் சின்னக்கருப்பன். தோள் பெல்ட் இரண்டும் அறுந்து தொங்கின. இடுப்பு பெல்ட்டும் விழுந்தது. ஆனால் ஞானதுரையின் நெஞ்சு அமுங்குவது நிற்கவில்லை. வெறும் சட்டையின் மேல், இரண்டு பட்டைகளாக, குழிந்து... இறங்கிக்கொண்டே போனது. காய்ந்த கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. அதன் பிறகு அவன் கத்தவில்லை.

போலீஸ் வந்தது. முதலாளி தன் காதால் கேட்டதை அப்படியே சொன்னார். சின்னக்கருப்பனைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போகவில்லை. யாருடைய சைக்கிளையோ வாங்கிக்கொண்டு நேரே சுந்தரபாண்டியம் போனார். ஆவுடையம்மாள் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

வீடு திறந்து கிடந்தது. அவள் அடுப்படியில் குத்தவைத்து, கரண்டியில் தேங்காயெண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் தலையை ஆட்டினாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்யா. விடியமுன்ன அவனே வந்து சொல்லிட்டான். உள்ளங்கை ரெண்டும் தோலுரிஞ்சு கெடக்கு. என்னத்தப் புடிச்சு இந்த இழுப்பு இழுத்தானோ..."

எண்ணெய் தொட்ட விரல்களை முந்தானையில் துடைத்தாள். முந்தானையில் சிவப்பாகப் பிடித்தது.

"ஆத்தா..." என்றார் சின்னக்கருப்பன்.

அவள் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மெல்லப் பேசுய்யா. இப்பத்தான் செத்த கண்ணசந்தான்."

கதவுக்கு அந்தப் பக்கம்... கயிற்றுக் கட்டிலில் யாரோ புரண்டு படுத்தார்கள்.