வாசிப்பு மாடத்து வளைவு

ஒரு வீட்டுக்குப் போனால் எல்லோரும் முகப்பைப் பார்ப்பார்கள். நான் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்ப்பேன். முப்பத்தோரு வருடக் கொத்து வேலையில் வந்த பழக்கம். மிஸ் உர்சுலா இறந்ததைப் பற்றிச் சொல்ல வந்தவன் வீட்டைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர். வீட்டைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

கெல்டித் மாளிகையைச் சாலையிலிருந்து பார்த்தால் பன்னிரண்டு ஜன்னல் வைத்த ஒழுங்கான முகப்பு தெரியும். அது வெறும் இருநூறு வருடத்துச் சங்கதி. அதற்குப் பின்னால் மரச்சட்டமும் உயரமான செங்கல் புகைபோக்கிகளுமாக இன்னொரு பழைய வீடு ஒளிந்திருக்கிறது. அதற்கும் பின்னால், வடக்கே, கன்னியாஸ்திரிகள் இருந்த கன்னிமாடம். அரசர் மடங்களை மூடியபோது சகோதரிகளைத் துரத்திவிட்டு, கூரை ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டு, கற்களை டேல்பி குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கற்களில்தான் வீடு எழுந்தது. மடத்தில் உருப்படியாக எஞ்சியது உணவுக்கூடத்தின் ஒரே ஒரு சுவர். அதோடு ஒட்டி டேல்பி குடும்பத்தார் தங்களுடைய நீளக்கூடத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

அந்தச் சுவரின் கனத்துக்குள்ளேயே ஒன்பது படி ஏறும். மேலே இரட்டை வளைவுக்குக் கீழே ஒரு மாடம். மற்றவர்கள் பேசாமல் சாப்பிடும்போது ஒரு சகோதரி அங்கே நின்று வேதம் வாசிப்பாளாம். வளைவில் செதுக்கிய இலைகள் நாற்பத்திரண்டு. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பகல் ரொட்டியை அந்தப் படியில் உட்கார்ந்துதான் தின்பேன்.

மிஸ் உர்சுலா டேல்பி நல்ல மனுஷி. தம்பி போரில் இறந்த பிறகு அத்தனை பெரிய வீட்டில் தனியாக இருந்தார். எனக்கு நெஞ்சில் சளி கட்டிப் படுத்திருந்தபோது பதினேழு நாள் தன் கையாலேயே சூப் கொண்டுவந்தார். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நீளக்கூடத்தின் உத்தரங்கள் உளுத்துவிட்டன என்று நானே சொன்ன பிறகு, கூடத்தை இடிப்பது என்று முடிவு செய்தார். சுவரையும் சேர்த்து. கற்கள் ரோட்டுக்கு ஜல்லியாகப் போகும்.

நவம்பரில், மூன்று வாரம் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு ஒரு பகலில், மாடத்தை ஒருமுறை நன்றாகப் பார்க்கும்படி அவரை அழைத்துப் போனேன். படியேறி இலைகளைத் தொட்டுப் பார்த்தார்.

"அழகுதான் கார்பட், இல்லேன்னு சொல்லல. ஆனா எனக்கு ஒழுகாத ரெண்டு ரூம் போதும். இதைக் கட்டிக்கிட்டு அழ எனக்குத் தெம்பு இல்ல."

"சுவரை மட்டுமாவது விடுங்கம்மா. அது யாரையும் ஒண்ணும் கேக்கல."

"நீங்க கேக்கறீங்களே," என்று சிரித்தார். "வியாழக்கிழமை ஆளுங்க வர்றாங்க. விடுங்க."

படியிறங்கிய அவரை மாடத்தின் காலடியில் விட்டுவிட்டு, நான் ஏணியை எடுத்துவர வெளியே போனேன். முற்றத்தைக் கூடத் தாண்டவில்லை. கூரை மொத்தமாக உள்ளே இறங்கியது. உத்தர நுனி சுவருக்குள்ளேயே மக்கிப் போயிருக்கிறது. அதில் என் கை எதுவும் இல்லை. விசாரணையில் அப்படித்தான் எழுதினார்கள், அது சரிதான்.

தூசி அடங்கியதும் போய்ப் பார்த்தேன். கூடம் இல்லை. சுவர் நின்றது. மாடமும் நின்றது. அதன் காலடியில் ஆள் உயரத்துக்குக் கல்குவியல். அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

"கார்பட்? நீங்களா? கால் அசையல. மத்தபடி ஒண்ணுமில்ல."

"இருங்கம்மா, ஆளுங்களைக் கூட்டிட்டு வர்றேன்," என்றேன்.

பண்ணையிலிருந்து ஏழு பேர் ஓடிவந்தார்கள். ஆமோஸ் த்வெயிட் கடப்பாரையோடு முன்னால் நின்றான். "எங்க இருக்காங்க ரூபன்? எந்தப் பக்கம் தோண்டறது?" என்று என்னைக் கேட்டான்.

அந்த வீட்டை அறிந்தவன் நான் ஒருவன்தான். ஏழு பேரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். நான் கூடத்தின் மறுகோடியைக் காட்டினேன், கணப்படுப்பு இருந்த இடத்தை.

"சத்தம் இங்கேயிருந்துல்ல வருது?" என்றான் ஆமோஸ்.

"பழைய புகைக்குழாய் சுவருக்குள்ளயே ஓடுது. அங்க பேசினா இங்க கேக்கும். இங்க கைய வெச்சா வளைவு சரிஞ்சு எல்லாரையும் நசுக்கிடும்."

அந்தச் சுவரில் புகைக்குழாய் கிடையாது. கன்னிமாடத்தார் உணவுக்கூடத்தில் தீ மூட்டவில்லை. ஆனால் அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மறுகோடியில் கை கிழியத் தோண்டினார்கள். நானும் தோண்டினேன். அவர் அவ்வப்போது கூப்பிட்டார், பதற்றமில்லாமல்தான். ஒருமுறை, "கார்பட்டைக் கேளுங்க, அவருக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும்," என்றது எல்லோருக்கும் கேட்டது. ஆமோஸ் அழுதுவிட்டான். வெளிச்சம் மங்கும் நேரத்தில் சத்தம் நின்றது. மூன்று மணி நேரம் இருந்திருப்பார் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அவருக்குப் பின் வீடு ஒரு சித்தப்பா மகனுக்குப் போனது. அவர் மடத்துச் சுவரை அரசாங்கப் பாதுகாப்பில் விட்டுவிட்டார். இப்போது சுற்றிலும் கம்பிவேலி. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்களுக்கு நான்தான் சுற்றிக் காட்டுகிறேன். இலைகளை எண்ணச் சொன்னால் குழந்தைகள் சந்தோஷமாக எண்ணுகின்றன.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது என்று ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். ஒரு உயிரா, எழுநூறு வருடமா என்று. நான் என்ன செய்திருக்க முடியும் என்று. அப்படிச் சொல்லிக்கொண்டால் தூக்கம் வருகிறது.

மறுநாள் காலையில் மாடத்தின் காலடிக் குவியலை நான்தான் பிரித்தேன், தோட்டப் பக்கத்திலிருந்து. பதினொரு கல். நாற்பது நிமிடம். வளைவு ஒரு மயிரிழை கூட அசையவில்லை. அசையாது என்று எனக்கு முந்தின நாளே தெரியும்.