வெள்ளிக்கிழமைக்கு முந்திய புதன்கிழமை

சுகாதார ஆய்வாளராய் முப்பத்து நான்கு ஆண்டும், வில்லியனூர் பாகூர் வட்டாரச் சுகாதாரப் பணியாளர் சங்கத்தின் செயலாளராய்ப் பத்தொன்பது ஆண்டும் தொண்டாற்றி, இன்று பணி நிறைவு காணும் திருமிகு க. உத்திராபதி அவர்கள் திருமுன் படைக்கும் மடல்.

கொசுக்குலம் அஞ்சும் கோவே! குளோரின் மணக்கும் கோமானே! நகல் மூன்று இன்றி நாவசைக்கா நல்லவரே! பூட்டிய பூட்டை மும்முறை இழுத்துப் பார்த்தபின்னும், பேருந்து நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்து நான்காம் முறை இழுக்கும் பொறுப்பின் பெட்டகமே! வணக்கம்.

இன்னும் பதினாறு அடைமொழிகள் எழுதி வைத்திருந்தோம். கேட்டால் தங்களுக்கு வியர்த்துவிடும், "இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்கா?" என்பீர்கள். ஆகவே ஆதாரம் உள்ள ஒரே ஒரு புதன்கிழமையை மட்டும் சொல்கிறோம். அதில் தாங்கள் 'அவர்' என்றே வருவீர்கள். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள். மாலைக்காரர் இன்னும் வரவில்லை.

சங்கம் அவர் கைக்கு வந்தபோது அதனிடம் ஒரு கோரிக்கையும் ஒரு கட்டுப் பொன்னாடையும் இருந்தன. ஊர்க் குடிநீரைப் பரிசோதிக்கும்போது அதைக் குடிக்கிறவர்களும் கூட நிற்க வேண்டும் என்பது கோரிக்கை. பொன்னாடை, கோரிக்கையை வாங்கும் அதிகாரிக்கு. மனுவைக் கொடுப்போம், பொன்னாடையைப் போர்த்துவோம், படம் எடுத்துக்கொள்வோம். அதிகாரி கிளம்பும்போது பொன்னாடை காரில் ஏறும். மனு மேசையிலேயே கிடக்கும். அவர்தான் அதை எடுத்துக்கொண்டு ஓடி, டிரைவரைக் கெஞ்சி, முன்சீட்டில் வைத்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்புவார். இருபத்தாறு மனுக்கள் இப்படியே போயின. இருபத்தேழாவது பலித்தது. மூன்று மாதத்துக்கொரு முறை கூட்டு ஆய்வு என்று உத்தரவு வந்தது.

கூட்டு ஆய்வின் பங்காளிகளாக, விவசாயிகள் தரப்பில் கிருமாம்பாக்கத்துச் சாமிநாதன். மீன் விற்கும் பெண்கள் தரப்பில் ஜோதிலட்சுமி. வாய்க்கால் யாரால் நாறுகிறது என்ற சண்டையில் பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரு தரப்பை அவர் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். யாருக்கு முதல் பொன்னாடை என்பதிலேயே முதல் கூட்டம் முடிந்தது. இரண்டாம் கூட்டத்தில் இரண்டு பேர் நின்று, ஒரே நேரத்தில், ஒன்று இரண்டு மூன்று சொல்லிப் போர்த்தினோம். இன்றும் சாமிநாதன், தனக்குத்தான் அரை நொடி முந்தி விழுந்தது என்கிறார்.

ஒவ்வோர் ஆய்வுக்கும் ஏழு நாள் முன்பே அவர் கடிதம் எழுதுவார். சொல்லாமல் ஒருவர் வாசலை மிதிப்பது அவர் கணக்கில் அநாகரிகம். எல்லையோர ஊர் ஒன்றின் தொட்டி நீர், எட்டு ஆய்வுகளிலும் 'குடிக்கத் தகுந்தது' என்றே வந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டோம். சொன்னால் இப்போதே தொட்டியைக் கழுவக் கிளம்பிவிடுவார்கள். எட்டு முறையும் நாங்கள் நன்றித் தீர்மானம் நிறைவேற்றினோம். எட்டிலும் எங்கள் கையெழுத்து இருக்கிறது.

பிறகு மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. ஒன்பதாவது ஆய்வும் நல்லபடி வந்தால் கூட்டு ஆய்வுக்கு அவசியமில்லை, நிறுத்திக்கொள்ளலாம் என்றது. நாங்கள் அதைப் பாராட்டு என்று எண்ணி மிக்சர் வாங்கி வந்தோம். அதே வாரத்தில் அந்த ஊர் அங்கன்வாடி ஆசிரியை தேவி, வருகைப் பதிவேட்டோடு வந்து நின்றார். இருபத்து மூன்று பிள்ளைகளில் பதினொரு பேர் வரவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, இரண்டு பேருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. இவர் எட்டுச் சான்றுகளையும் எடுத்துக் காட்டினார். தேவி அவற்றைத் தொடக்கூட இல்லை.

"நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் எங்க புள்ளைங்கள தண்ணி குடிக்கச் சொல்றீங்களா சார்?"

அன்று அவர் டிபன் பாக்ஸ் திறக்கப்படவே இல்லை. பிற்பகலில் தொட்டி ஆபரேட்டர் இருசப்பனைத் தேடிப் போய், ஆய்வுக்கு முன் என்ன செய்வாய் என்று கேட்டார். இருசப்பன் பெருமையாகவே சொன்னார். முந்தின நாள் தொட்டியைக் கழுவுவார், இருக்கிற பிளீச்சிங் பவுடரையெல்லாம் கொட்டுவார், சுற்றிச் சுண்ணாம்பு அடிப்பார். மற்ற நாளில் பவுடர் இருந்தால் உண்டு.

"நீங்கதான சார் லெட்டர் போட்டீங்க? அவ்ளோ பேர் வர்றாங்க, நாறவா வுட முடியும்? ஊர் மானம் இன்னா ஆவும்?"

ஆக, எட்டு முறையும் அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்தது அவருடைய கடிதம். ஒன்பதாவது கடிதம் அவர் மேசையில் தயாராக இருந்தது: வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி.

அடுத்த சில நாட்களில் அவர் இளைத்ததை எல்லோரும் பார்த்தோம். சர்க்கரை என்று நினைத்தோம். கடிதம் அனுப்பினால் தொட்டி கழுவப்படும், ஆய்வு நின்றுபோகும், அந்தப் பிள்ளைகளுக்காகக் கேட்க இனி ஆள் இருக்காது. அனுப்பாமல் போனால் விதிமீறல். ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கையில் மெமோ. பங்காளிகளை விட்டுவிட்டுப் போனால் அந்தப் பெஞ்சு மறுபடி இரண்டாகும். அழைத்தால் ஊருக்குச் செய்தி போய்விடும். கோப்பைத் திறப்பார், மூடுவார். கடைசியில் கடிதத்தை மூன்று நகலோடு அனுப்பிவைத்தார். அவ்வளவுதான், பயந்துவிட்டார் என்று நாங்கள் முடிவு கட்டினோம்.

பயந்துதான் இருந்தார். பயத்தோடுதான் அந்தப் புதன்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்தார். பூட்டை ஒரே தடவைதான் இழுத்துப் பார்த்தார் என்று வாட்ச்மேன் சாட்சி. சாமிநாதன் நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். ஒரு வேலை இருக்கிறது, வாங்க என்றதும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்றார். வேண்டாம், சேற்றோடு வாங்க என்று ஏற்றிக்கொண்டார். கடலூர் ரோட்டோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த ஜோதிலட்சுமிக்குப் பாதிக் கூடை மீதம் இருந்தது.

"எங்கனு சொல்லாம கூப்பிட்டா எப்படி சார்? மீன் நாத்தத்தோடயா வர்றது?"

"அப்படியே வாம்மா. பொன்னாடை கிடையாது."

ஜோதிலட்சுமி கூடையோடு ஆட்டோவில் பின்தொடர்ந்தார். தொட்டியடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த இருசப்பன், பிரஷை வாயிலிருந்து எடுக்காமலே எழுந்தார். வெள்ளிக்கிழமை என்றல்லவா போட்டிருந்தீர்கள் என்றார். வெள்ளிக்கிழமையும் வருவேன் என்றார் இவர். கிருமி போகக் குழாய் முனையை நெருப்பில் வாட்டுகையில், அவசரமாகக் கிழித்த இரண்டு தீக்குச்சி அணைந்தது. மூன்றாவதைச் சாமிநாதன் கிழித்துக் கொடுத்தார். பாட்டில் நிரம்பியது. மாதிரிப் படிவத்தில் சேற்றுக் கையோடு ஒரு கையெழுத்து, மீன் செதில் ஒட்டிய ஒரு கையெழுத்து. இருசப்பன் தன் வேலை போய்விடுமா என்று மெல்லக் கேட்டார். இவர் பேனாவை நீட்டி, சாட்சி என்ற இடத்தில் அவரையும் கையெழுத்துப் போடச் சொன்னார். அப்புறம்தான் இருசப்பனுக்கு வாய் திறந்தது.

"கழுவி இன்னா சார் பிரயோஜனம்? குழா சாக்கடைக்குள்ள பூந்துதான் வருது. ஜாயின்ட் வுட்டுப் போயி ரெண்டு வருசம் ஆவுது. எட்டு தபா வந்தீங்க, யாரும் கேக்கலியே."

ஐஸ் பெட்டியில் வைத்த பாட்டில் அன்றே ஆய்வகம் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை, கடிதத்தில் கண்டபடி, ஒன்பதாம் கூட்டு ஆய்வு சீரும் சிறப்புமாக நடந்தது. கழுவிய தொட்டி, புதுச் சுண்ணாம்பு, கோலம். அந்தத் தண்ணீரும் பரிசோதனைக்குப் போனது. முடிவுகள் இரண்டும் வந்ததும் ஒரே தாளில் அருகருகே ஒட்டி மேலிடத்துக்கு அனுப்பினார். புதன்: குடிக்கத் தகாதது. வெள்ளி: குடிக்கத் தகுந்தது. ஒரே தொட்டி. பொன்னாடை இல்லாமல் போன எங்கள் முதல் மனு அதுதான்.

எதிர்பார்த்த மெமோ வந்தது. முன்னறிவிப்பின்றி ஆய்வு நடத்தியது ஏன்? இவர் இரண்டு நாள் யோசித்து, மூன்று நகலோடு பதில் எழுதினார்: 'முன்னறிவிப்புக் கொடுத்தால் தண்ணீர் திருந்திவிடுகிறது, ஆய்வு முடிந்ததும் பழையபடி ஆகிவிடுகிறது.' அதன்பின் ஐந்து வாரம், வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தாலே எழுந்து நின்றார்.

அந்தக் குழாய் சென்ற மாதம் சாக்கடையை விட்டு மேலே வந்தது. பதினொரு பிள்ளைகளும் பதிவேட்டுக்குத் திரும்பிவிட்டார்கள் என்று, அதோ இரண்டாம் வரிசையில் இருக்கும் தேவி எழுதிக் கொடுத்திருக்கிறார். இனி நமது பகுதியில் தண்ணீர் ஆய்வு முன்னறிவிப்பின்றியே, பங்காளிகளோடு, என்று சென்ற திங்களன்று உத்தரவு வந்தது. மெமோ முடிந்துவிட்டதா என்று அதில் ஒரு வரியும் இல்லை. தாங்கள் இன்று காலையிலும் கேட்டீர்கள்.

ஐயா, அந்த உத்தரவு இனி எங்கள் கையில் இருக்கிறது. எங்கள் பயமும் அதுதான். ஏழு நாள் முன்பே கடிதம் போடும் பழக்கம் எங்கள் விரல்களை விட்டுப் போகவில்லை. இவ்விழாவுக்கும் ஏழு நாள் முன்பே அழைப்பிதழ் அடித்துவிட்டோம். ஆகவே நேற்று இந்த மண்டபத்துத் தொட்டி கழுவப்பட்டது என்று இருசப்பன் தகவல். தங்கள் முன் வைத்த தம்ளர் இன்னும் அப்படியே இருப்பதை நாங்களும் கவனித்தோம்.

தாங்கள் நோய் நொடியின்றி, நல்ல உறக்கத்தோடும், ஒருமுறை மட்டுமே இழுத்துப் பார்க்கும் பூட்டோடும் நூறாண்டு வாழ வேண்டும். அந்த ஆண்டுகளில் எங்களைப் பார்க்கத் தோன்றும்போது கடிதம் எழுதாதீர்கள், போனும் செய்யாதீர்கள். ஒரு புதன்கிழமையாகப் பார்த்து, சொல்லாமல் வாருங்கள்.

என்றும் தங்கள் வருகைக்கு அஞ்சும்,
சுகாதாரப் பணியாளர் சங்கத்தார்
(நகல் மூன்று இணைக்கப்பட்டுள்ளது)