முள் ஏழில் நிற்கிறது

— என் கண்ணுல மண்ணைத் தூவலாம்னு பார்க்காத. நேத்து மதியம் நீ என் பில்டிங்ல இருந்திருக்க. வாட்ச்மேன் பார்த்திருக்கான்.

— வகுப்புல இருந்தேன்னு சொன்னேனேங்க.

— அதான் கேக்கறேன். தீயணைப்பு சிஸ்டம் வகுப்பு நடக்கறது ஊருக்கு அந்தக் கோடியில. நீ இருந்தது எங்க பேஸ்மென்ட் பம்ப் ரூம்ல. யாரோ ஒரு ஆளோட, கதவைச் சாத்திக்கிட்டு.

— அந்த ஆளு எங்க வாத்தியார். வெளியில இன்னும் நாலு பேர் நின்னாங்களே, அதை உங்க வாட்ச்மேன் சொல்லலையா? செய்முறைத் தேர்வு. ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிட்டாரு.

— ஊர்ல எத்தனையோ கட்டடம் இருக்க, நான் பராமரிப்பு பார்க்கற கட்டடம்தான் கிடைச்சுதா அவருக்கு? அதுவும் நான் லீவு போட்ட நாளா பார்த்து?

— வகுப்பு வண்டி அங்க போய் நின்னப்புறம்தான் எனக்கே தெரியும்.

— வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல. எனக்கென்ன, நீ சொன்னா நம்பறவன் நான். குளிச்சுட்டு, துணியைத் துவைச்சுப் போட்டுட்டு, வாயே திறக்காம படுத்துட்ட. துணியை எதுக்கு அவ்வளவு அவசரமாத் துவைச்ச?

— அவ்வளவு நாத்தம். தீப்பிடிச்சா கூரையிலிருந்து தண்ணி தெளிக்குமே, அந்த ஸ்பிரிங்க்ளர் குழாய்ல வருஷக்கணக்கா நின்ன தண்ணி, சாக்கடை மாதிரி கறுப்பா இருக்கும். அது மேல கொட்டிடுச்சு.

— நம்பற மாதிரி ஏதாவது சொல்லு.

— சொல்றேன், கேளுங்க. எனக்கு முன்னாடி போன நாலு பேரும் பிரஷர் மீட்டரைப் பார்த்தாங்க. முள்ளு ஏழுல நின்னுச்சு. எல்லாம் சரின்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாங்க. நான் சோதனைக் குழாயைத் திறந்தேன். ஒரு வாளி கறுப்புத் தண்ணி கொட்டுச்சு, அதோட நின்னுபோச்சு. முள்ளு மட்டும் அசையல. மீட்டர் கெட்டுப்போயிருக்கு. மெயின் வால்வு மூடிக் கிடக்கு.

— எவனாவது மூடியிருப்பான். பெயிண்ட் அடிக்க வந்தவனா இருக்கும்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் பக்கத்துல தொங்கின நோட்டை எடுத்தேன். வாராவாரம் ‘திறந்து பார்த்தேன், தண்ணி வருது’ன்னு இருக்கு. கையெழுத்து உங்களுது.

— முள்ளு ஏழுல இருந்துச்சுல்ல, அதைப் பார்த்துட்டுப் போட்டேன். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க.

— வால்வை மூடினது யாருங்க?

— என்ன, விசாரணையா?

— யாரு?

— நாலாவது மாடியில ஒழுகுச்சு. ரெண்டு நாள்ல திறந்துடலாம்னுதான் மூடினேன். வேலையில மறந்துபோச்சு.

— எப்ப?

— போன மழைக்காலத்துல.

— அதே கட்டடத்துல அஞ்சாவது மாடி குழந்தைங்க காப்பகத்துல நம்ம பாப்பாவைச் சேர்த்து எட்டு மாசமாச்சு. தினமும் நீங்கதான் கையைப் பிடிச்சு மேல கொண்டுபோய் விடறீங்க.

— சரி விடு. இப்பவே போய்த் திறந்துடறேன். ரிப்போர்ட்ல மட்டும் எழுதிடாத. என் வேலை போயிடும்.

— வாத்தியார் நேத்தே திறக்க வச்சுட்டாரு. ரிப்போர்ட்டும் குடுத்துட்டேன். எழுதலைன்னா நானும் அந்த நாலு பேர்ல ஒருத்திதான்.

— என் பேரைப் போட்டா குடுத்த?

— போட்டுத்தான். அதுக்குக் கீழேயே ஒரு கேள்வி இருந்துச்சு. கட்டடப் பொறுப்பாளர் உங்களுக்கு உறவான்னு.

— என்னன்னு எழுதின?

— இல்லைன்னு எழுதினேன். பொய்னு தோணவே இல்லைங்க.