பாவாயியின் கடல்

ஏற்காட்டு மலைக்குக் கடல் கிடையாது என்பது நெடுநாளாக நிலவிவரும் தவறான நம்பிக்கை. நாகலூருக்கு மேலே பாவாயி என்பவர் தீபாவளியிலிருந்து ஒரு கடலைப் பராமரித்து வருகிறார். அதிலுள்ள சிரமங்களை, ஏற்காடு போகும் பஸ்ஸில், பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பெண் மடியில் ஒரு பாட்டில் வைத்திருந்தாள். பாட்டிலில் பழுப்புத் தண்ணீர்.

“…பதினேழு சீட்டு கண்ணு. ஐ.நா. சபைக்காரங்க எழுதி வச்ச, ஒலகத்த நல்லாக்கற லட்சியமாம், பதினேழு. ஒலகத்துல நடக்கோணும்னா மொதல்ல ஊருல நடக்கோணும்னு திட்டத்து ஆபீசர் சொன்னாரு. செரின்னு மேலூரும் கீழூரும் சேந்து குலுக்கிப் போட்டோம். பசி போக்கறது கவிப்பிரியாவுக்கு. அவ ஊட்டுல நாலு கறவ மாடு, அவளுக்கென்ன. ஆம்பள பொம்பள சமம்ங்கறது மேகலாவுக்கு. அங்க புருசந்தான் சோறாக்கறான். உக்காந்த எடத்துல பேரு வாங்கிட்டா. எனக்குப் பதினாலு. கடலு. ‘ஏனுங் சார், நான் கடலக் கண்ணுலகூடப் பாத்ததில்லீங்களே’ன்னேன். ‘முடிஞ்சதச் செய்ங்கம்மா’ன்னுட்டாரு.

செஞ்சேன் கண்ணு. கருவாட்ட நிறுத்திட்டேன். மீனாச்சும் பொழைக்கட்டும்னு. எங்கூட்டுக்காரரு மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் திங்கறாரு. இப்பிடி எவ செய்வா, சொல்லு.

இத்தன செஞ்சும் என்ன… காப்பிப் பழம் உரிக்கத் திட்டத்துல பொதுவா ஒரு மிசினு குடுத்தாங்க. இப்ப பூட்டிட்டாங்க. கீழூர்ல ஆறாம் நம்பராம், தண்ணி அவ பொறுப்பாம், புதுசா வாக்கப்பட்டு வந்தவ எவளோ. ஓடத் தண்ணி நாறுது, புள்ளைங்களுக்கு வவுத்தால போவுதுன்னு புகார் சொல்லியிருக்கா. பழங் கழுவுன தண்ணிய ஓடையில யாரு உடறாங்கன்னு தெரியற வரைக்கும் மிசினு ஓடாதாம். என்ற ஊட்டுல மூணு மூட்ட பழங் கெடக்குது. இன்னிக்கு உரிக்காட்டிப் புளிச்சுப் போவும். தோலோட காய வச்சா பாதி வெலைக்குத்தான் எடுப்பான். இத நம்பித்தான் மவ தீபிகாவ நர்சிங்ல சேத்திருக்குது. அதான் ஆபீசரயே நேர்ல கேட்டுப்புடலாம்னு போறேன்.

மிசினு இருந்தாலும் லேசில்ல கண்ணு. மொறைக்குக் காத்துக் கெடக்கோணும். கழுவுன தண்ணியக் குழியிலதான் உடோணும், தோல எருவுக்குப் போடோணும்… நொம்பச் சட்டம். அதனால ரெண்டு மூணு தடவ நான் ஊட்டுலயே பழைய கைமிசின்ல உரிச்சுக்கிட்டேன். கழுவுன தண்ணியா? ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிய ஒட்டியே ஓடை போவுது, அதுல உட்டாச்சு. ஓடற தண்ணிதான, செரியாப் போயிரும்.

என்ன கேட்ட? அந்த ஓடை எங்க போவுதா? கீழூருக்குப் போவுது. பொறவு ஆத்துக்கு. ஆறு எங்க போவும்… கடலுக்குத்தான்…”

பஸ் நின்றது. பாவாயி இருக்கையிலிருந்து எழுவதற்குள், கீழூருக்கு வாக்கப்பட்டு வந்து ஆறு மாதமே ஆகியிருந்த சிவசக்தி, பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கி, திட்ட அலுவலகத்துக்குள் அவருக்கு முன்னால் போனாள்.

அன்று சாயங்காலமே, பாவாயியைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் மிசின் ஓடியது. பாவாயி வீட்டு வாசலில் மூன்று மூட்டைப் பழம் தோலோடு காய்ந்தது. மறுநாள் அவர் கணவர் சின்னையனுக்குக் கருவாட்டுக் குழம்பு கிடைத்தது.