ஹேசலுக்கு ஊசி வேண்டாம்

கோழி வளர்க்கிறவளுக்குச் சாயங்காலம் என்று ஒன்று கிடையாது, தம்பி. மற்றவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்ப்பார்கள். எனக்கு அந்த நேரமெல்லாம் கோழிகளை உள்ளே விரட்டி, கதவை அடைத்து, கொக்கி போட்டு, போட்டேனா இல்லையா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பிப் போய்ப் பார்ப்பதிலேயே கழிந்துவிடும். என் வீட்டுக்காரர் ஹார்லன் இருந்தவரை அந்தச் சந்தேகத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஒரு ஆளாவது இருந்தார். அவர் போன பிறகு எல்லாம் நான்தான்.

போலீஸ் அறிக்கையில் நீங்கள் விபத்து என்று எழுதிவிட்டீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் அந்தத் தாளில் விபத்து என்று இருக்கும்வரை, நாளைக்கு மாட்டு டாக்டர் மால்ம் என் கழுதை ஹேசலுக்கு ஊசி போட்டுக் கொன்றுவிடுவார். ஆளைக் கொன்ற மிருகத்துக்கு இந்தப் பக்கம் அதுதான் வழக்கம், தெரியும். அவளுக்குப் பால் குடிக்கிற குட்டி இருக்கிறது. ஹேசல் மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் நானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். வேறு எதற்கும் இல்லை.

கோழியைக் கவ்விப்போகிற இந்த ஓநாய்ச்சாதி கொயோட்டியோடு பாடுபடுவது எனக்குப் புதிதில்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். கம்பி வலையை மண்ணுக்குள் ஓரடி புதைத்தோம், தோண்டிக்கொண்டு வரும் என்பதால். மேலே வலை போட்டோம். கோழிக்கூண்டில் ரேடியோவைப் பாடவிட்டோம், மனுஷக் குரல் கேட்டால் ஒதுங்கும் என்று. கொஞ்ச நாள் ஒதுங்கியது, பிறகு அதற்கும் பாட்டுப் பழகிவிட்டது. ஹார்லன் எதையாவது சுட்டால் ரோட்டோர வேலியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் செய்தார். மற்றதெல்லாம் பார்த்துப் பயப்படும் என்பார்கள். பயந்ததா என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு ஏதோ செய்தோம் என்ற திருப்தி.

பக்கத்து வீட்டை நடீன் வாங்கி வந்தது போன வருஷத்துக்கு முந்தைய வசந்தத்தில். ஒமாஹாவில் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தவள். தனி ஆள், பட்டன் என்று முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு நாய். வந்த வாரமே என் வேலியில் நான் சுட்டுத் தொங்கவிட்டிருந்த கொயோட்டியை அவிழ்த்துக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கையில் கேக்கோடு வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க வெர்னா. பாக்க அப்படியே நம்ம நாய் மாதிரி இருக்கு. மூஞ்சி மட்டும் கொஞ்சம் நரி மூஞ்சி. தினமும் அதத் தாண்டிப் போக என்னால முடியல."

"நாய் மாதிரிதான் இருக்கும். உன் நாயத் தின்னும்போதும் நாய் மாதிரிதான் இருக்கும்," என்றேன்.

அவள் சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். கேக் நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லவேண்டும்.

அவளைப் பிடிக்காது என்று நீங்கள் எழுதினால் அது பொய். பனி கொட்டிய நாளில் என் வீட்டு வாசலை வழித்துக் கொடுத்தவள். ஆனால் பின்பக்கம் ஒரு தட்டில் நாய்த்தீனி வைத்தாள். முதலில் பூனைக்கு என்றாள். பிறகு, "ரெண்டு வருது வெர்னா, ஒண்ணு நொண்டி, பாவம்," என்றாள். அதற்குப் பெயர்கூட வைத்திருந்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். மனுஷன் கையால் தின்றுபழகிய கொயோட்டிக்கு என் கோழிக்கும் அவள் தட்டுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்? போன கோடையில் பட்டப்பகலில் வந்தன. நான் கையில் வாளியோடு நிற்கும்போதே என் புள்ளிக்கோழியைக் கவ்விக்கொண்டு, ஓடக்கூட இல்லை, நடந்து போனது ஒன்று.

அறுவடைக்குப் பிறகு மிட்ஜைக் கொண்டுபோயின. கண் தெரியாத கிழட்டு நாய். ஹார்லன் குட்டியாகச் சட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்தது. சிறுநீர் கழிக்க வெளியே விட்டேன், அடுப்பை அணைக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். அதன் கழுத்துப்பட்டைதான் கிடைத்தது. நடீன் என்னைவிட அதிகமாக அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே ஒரு பருக்கைகூட வைக்க மாட்டேன் வெர்னா. சத்தியமா," என்றாள். நான் தலையாட்டினேன். நம்பவில்லை. இரக்கப்படுகிறவர்கள் நிறுத்தமாட்டார்கள், அது ஒரு பழக்கம்.

அதற்குப் பிறகுதான் ஹேசலை வாங்கினேன். காவலுக்குக் கழுதை என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். நாய் இனம் எதைக் கண்டாலும் பெண் கழுதைக்கு ஆகாது. காதை மடக்கிக்கொண்டு நேரே போகும், கடித்துத் தூக்கி எறியும், முன்னங்காலால் மிதித்து மண்ணோடு மண்ணாக்கும். கோழிக்கூண்டைச் சுற்றியுள்ள மேய்ச்சலில் அவளை விட்டேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரு கோழி போகவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் நான் தூங்கினேன் தம்பி. படுத்ததும் தூங்கினேன்.

ஆனால் அவள் சினையாகத்தான் வந்திருந்தாள், விற்றவன் சொல்லவில்லை. வசந்தத்தில் குட்டி போட்டாள். குட்டி போட்ட கழுதை குட்டியை விட்டு நகராது. குட்டி கீழ்க்கோடியில் படுத்தால் அவளும் கீழ்க்கோடியில். மேல்பக்கம் திறந்தவெளியாகிவிட்டது. மறுபடி கோழி போக ஆரம்பித்தது. மறுபடி நான் முற்றத்தில் நாற்காலி போட்டு, மடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கி விழ ஆரம்பித்தேன். எனக்கு எழுபது நெருங்குகிறது. எலும்பெல்லாம் ஓய்ந்துவிட்டது.

அப்போதுதான் தேவாலயத்தில் அந்த விருந்து. நீங்களும் இருந்தீர்கள், பீன்ஸ் பாத்திரத்துக்குப் பக்கத்தில். நான் பொதுவாகத்தான் சொன்னேன், யாரோ கொயோட்டிக்குச் சோறு போட்டு வளர்த்தால் மற்றவர்கள் என்ன செய்ய முடியும் என்று. யார் பெயரையும் எடுக்கவில்லை. நடீன் தட்டைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நான் நிறுத்தி ஆறேழு மாசம் ஆச்சு வெர்னா. நீங்கதான் போடுறீங்க."

"நானா?"

"உங்க வீட்டுக்குப் பின்னாடி அந்தப் பள்ளத்துல. செத்த கோழி, செத்துப் பொறந்த கன்னுக்குட்டி எல்லாம் அங்கதானே வீசுறீங்க? எல்லாம் அங்கேருந்துதான் வருது. நான் தினமும் பாக்குறேன். தட்டுல வைக்கல, அவ்வளவுதான்."

யாரோ ஒருவர் சிரித்தார். காட்ஃப்ரீ என்று நினைக்கிறேன், வைக்கோல் கொண்டுவருகிறவர். "அட, வெர்னா வீட்டுலதான் விருந்தா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் கொஞ்சம் சிரித்தீர்கள், பரவாயில்லை.

அந்தப் பள்ளம் எல்லாப் பண்ணையிலும் இருக்கிறது. உங்கள் அப்பா பண்ணையிலும் இருந்தது. செத்ததை வேறு எங்கே போடுவது? அது தீனி வைப்பது ஆகுமா? ஹார்லனின் தாத்தா காலத்திலிருந்து இருக்கிற பள்ளம். நேற்று வந்தவள், தோட்டத்தில் தக்காளிக்குக் குச்சி கட்டத் தெரியாதவள், பத்துப் பேர் முன்னால் என் மூக்கை அறுத்தாள். ஆனால் அதற்காக எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. தப்பாகச் சொன்னாள், தெரியாமல் சொன்னாள் என்று விட்டுவிட்டேன். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை, அதை நீங்கள் எழுதவேண்டியதில்லை.

நடந்தது இவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலையில் நடீன் என் வாசலுக்கு வந்தாள், பட்டனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு. முகம் வெளுத்திருந்தது.

"தபால்பெட்டிக்குப் போகவே பயமா இருக்கு வெர்னா. ரோட்டுல ஒண்ணு பின்னாடியே வருது. கடிக்கல, உறுமல. நான் நின்னா நிக்குது, நடந்தா வருது."

குட்டி போட்டிருக்கும் காலத்தில் கொயோட்டி அப்படித்தான் செய்யும், நாயைக் கண்டால் தன் வளையிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விடும். அவளுக்கு அது தெரியாது. நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்:

"ஏன் ரோட்டுல போற? எங்க மேய்ச்சல் வழியா போ. குறுக்குவழி. ஹேசல் இருக்குற பக்கம் ஒரு கொயோட்டியும் எட்டிப் பாக்காது."

"கழுதை ஒண்ணும் பண்ணாதே?"

"மனுஷங்கள ஒண்ணும் பண்ணாது. வேணும்னா நாயக் கையில தூக்கிக்கோ."

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. யோசித்துப் பாருங்கள். கொயோட்டி வராது, உண்மை. ஹேசல் மனிதர்களை ஒன்றும் செய்யமாட்டாள், உண்மை. முந்தின வாரம் காட்ஃப்ரீயின் நாய் வேலிக்குள் நுழைந்து அவளிடம் என்ன பாடுபட்டது என்று மட்டும் நான் சொல்லவில்லை. அது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், நடீனிடம் யாரும் சொல்லாததற்கு நான் என்ன செய்வது? குட்டி போட்ட கழுதையின் மேய்ச்சலுக்குள் நாயோடு யாரும் காலடி வைக்கமாட்டார்கள். குழந்தைகளுக்குக்கூடச் சொல்லிவைத்திருக்கிறோம்.

மேய்ச்சல் கதவை நான்தான் திறந்துவிட்டேன். "ரொம்ப நன்றி வெர்னா," என்று என் தோளைத் தொட்டாள். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மனசு கேக்கல." நான் பரவாயில்லை என்றேன். அவள் உள்ளே போனதும் கதவைச் சாத்திக் கொக்கி போட்டேன். மேய்ச்சல் கதவைச் சாத்தத்தானே வேண்டும், அது பழக்கம்.

பாதி தூரம் போயிருப்பாள். ஹேசல் தலையைத் தூக்கினாள். காது இரண்டும் பின்னால் போயிற்று. நான் கூப்பிட்டேன், காற்றில் நடீனுக்குக் கேட்கவில்லை என்று உங்களிடம் முன்பு சொன்னேன், இல்லையா. அதைத் திருத்திக்கொள்ளுங்கள். காற்றே இல்லை. அவள்தான் என்னைக் கூப்பிட்டாள்.

"வெர்னா, இது ஓடி வருது. என்ன பண்ணட்டும்?"

நாயைக் கீழே விட்டிருந்தால் போதும். ஹேசலுக்கு வேண்டியது நாய்தான். பட்டன் சின்ன நாய், வேலிக்கு அடியில் நுழைந்து ஓடியிருக்கும். விட்டுவிடு என்று ஒரு வார்த்தை. எனக்கு அது வாய்வரை வந்தது என்றுகூடச் சொல்லமாட்டேன், வரவில்லை. அசதியாக இருந்தது தம்பி. முந்தின ராத்திரி முழுக்கக் கண் மூடவில்லை. நான் சொன்னேன்:

"விட்டுராதே நடீன். நெஞ்சோட சேத்துக் கெட்டியாப் புடிச்சுக்கோ."

அவள் சொன்னபடி செய்தாள். கீழே விழுந்த பிறகும் நாயின் மேல் கவிழ்ந்துகொண்டாள், கையை எடுக்கவில்லை. அதனால்தான் அவ்வளவு நேரம் ஆயிற்று. பட்டனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. பால் வைத்தேன், குடிக்க மாட்டேன் என்கிறது.

ஆக ஹேசல் தன் வேலையைத்தான் செய்தாள், அதை எழுதிக்கொள்ளுங்கள். கதவைத் திறந்தது நான், பூட்டியது நான், நாயை விடாதே என்று சொன்னது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஜெயிலானாலும் சரி, அங்கே யாரோ ஒருவர் கதவைப் பூட்டிக்கொள்வார்கள், எனக்கு அந்த வேலை மிச்சம். ஹேசலையும் குட்டியையும் மட்டும் யாராவது கோழி வளர்க்கிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

நடீன் வீட்டுப் பின்பக்கம் தீனித் தட்டு எதுவும் இல்லை, கொட்டகையில் ஒரு பெட்டிக்குள் சிலந்தி வலை கட்டிக் கிடந்தது என்று சொன்னீர்கள். சரி, இருக்கட்டும். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஹேசலைப் பிடித்துக் கட்டிய பிறகு நேற்று இரண்டு கோழி போயிற்று, இன்று காலையில் இன்னொன்று. தீனி வைத்தவள் செத்தே போய்விட்டாள், ஆனாலும் என் வீட்டுக்குப் பின்னாலிருந்து வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. அந்தப் பெண் அவற்றை எந்த அளவுக்குக் கெடுத்துவைத்திருக்கிறாள் பாருங்கள்.